பாதத்தைப் படம் எடுக்கும் பழக்கம்

என் வலது காலில் நான்கு விரல்கள்தான் இருக்கின்றன. சுண்டுவிரல் போய்விட்டது. கேட்பவர்களிடம் நான் அதை மறைப்பதில்லை. கேட்காதவர்களிடமும் சில சமயம் செருப்பைக் கழற்றிக் காட்டிவிடுவேன். மிச்சமுள்ள நான்கையும், பாதத்தையும், முழங்காலுக்குக் கீழே இருக்கும் எல்லாவற்றையும் காப்பாற்றி வைத்திருக்கிறேன் அல்லவா, அந்தப் பெருமையைக் காட்டாமல் எப்படி இருக்க முடியும்? சர்க்கரை நோய் உள்ள ஒருவர் இதைப் படித்துவிட்டு இன்று சாயங்காலம் தன் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தால் எனக்கு அது போதும்.

என் பெயர் ஸ்டெல்லா. கோவை கணபதியில் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுத் தருகிறேன். டிரைவிங் ஸ்கூல் என்று பலகை மாட்டியிருந்தாலும், அது ஒரு சின்ன அறை, ஒரு வெள்ளைக் கார், நான், அவ்வளவுதான். பயிற்சிக் காரில் இடது பக்கம் உட்காரும் எனக்கும் தனியாக ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டு. கற்றுக்கொள்கிறவர் தடுமாறினால் நான் மிதிப்பேன். சத்தி ரோட்டில் பஸ்ஸுக்கும் டெம்போவுக்கும் நடுவில் ஒரு புதுக் கையை அழைத்துப் போவது என் வலது காலை நம்பித்தான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக ஸ்டியரிங் பிடித்தவள் நான். என்னிடம் கற்று லைசென்ஸ் வாங்கிய பெண்கள் இந்த ஊர் முழுக்க ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

விரல் போகக் காரணமான அந்த நாளில் வளர்மதி என்ற பெண்ணுக்கு வகுப்பு. சரவணம்பட்டியில் கணவரோடு பாத்திரக்கடை நடத்துகிறவர். ஓட்டி முடித்து வண்டியை ஓரம் கட்டினார். இறங்கப் போனவர் என் கால் பக்கம் குனிந்து பார்த்தார்.

"மேடம், கீழ என்னமோ சிந்தியிருக்குதுங்க. குங்குமங்களா?"

நானும் குனிந்து பார்த்தேன். மிதியடி முழுக்கச் சிவப்பு. பிரேக் மேலும் சிவப்பு. செருப்பைக் கழற்றித் திருப்பினேன். லேத் பட்டறைகளில் இரும்பைக் கடையும்போது சுருள் சுருளாக விழுமே, அப்படி ஒரு சுருள் செருப்பைத் துளைத்துக்கொண்டு சுண்டுவிரலுக்குக் கீழே ஏறியிருந்தது. எங்கள் தெருக்களில் அது எங்கும் கிடக்கும். எப்போது ஏறியது என்று தெரியவில்லை. காலையில் இருந்து மூன்று பேருக்கு வகுப்பு எடுத்துவிட்டேன். எனக்குக் கொஞ்சமும் வலிக்கவில்லை.

"ஐயோ மேடம், உங்களுக்கு எரியலைங்களா?" என்று கேட்ட வளர்மதியின் முகம்தான் வெளுத்திருந்தது. நான் என்னவோ எனக்கு வலி தாங்கும் உடம்பு என்று சிரித்தேன்.

பக்கத்து கிளினிக்கில் சுத்தம் செய்து, ஊசி போட்டு, கட்டுக் கட்டி அனுப்பினார்கள். என் கணவர் ஆரோக்கியராஜ் பம்ப் பாகங்கள் கடையும் பட்டறையில் வேலை செய்கிறவர். அதிகம் பேசமாட்டார். பிடுங்கிய சுருளைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். "இது இரும்பு. எங்க பட்டறைல வெண்கலம் மட்டுந்தான்" என்றார். அது அவருக்கு ஒரு நிம்மதி. அந்த நிம்மதி நிலைக்கவில்லை. அடுத்து வந்த நாட்களில் கால் வீங்கி, பாதத்தின் மேல்பக்கம் கன்றிச் சிவந்து, பல் கிட்டும் குளிர்காய்ச்சல் வந்துவிட்டது. என்னை ஆட்டோவில் தூக்கி வைத்துப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்.

காலுக்கென்று தனியாக ஒரு பிரிவு இருப்பதே அங்கே போய்த்தான் தெரிந்தது. காத்திருக்கும் கூடத்தில் சக்கர நாற்காலிகள் வரிசையாக நின்றன. எனக்கு எதிரில் இருந்தவருக்கு ஒரு காலில் வேட்டி தட்டையாகத் தொங்கியது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆரோக்கியராஜ் எழுந்து வந்து, அந்த மனிதர் என் கண்ணில் படாதபடி எனக்கு முன்னால் நின்றுகொண்டார். வேண்டுமென்றே நின்றாரா என்று இன்று வரை கேட்டதில்லை.

பரிசோதனைகள் ஒவ்வொன்றாக நடந்தன. எல்லோரும் சொல்லும் அந்த மூன்று மாதச் சர்க்கரை என்ன என்று எனக்கு அன்றுதான் விளங்கியது. ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை சிவப்பணுக்களில் ஒட்டிக்கொள்ளுமாம். அந்த அணுக்கள் மூன்று, நான்கு மாதம் வாழும். அதனால் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று அளந்தால் கடந்த மூன்று மாதமும் எப்படி இருந்தோம் என்று தெரிந்துவிடும். முதல் நாள் மட்டும் பட்டினி கிடந்து நல்ல பிள்ளையாகப் போய் நிற்கும் என் பழைய தந்திரம் அதனிடம் பலிக்காது.

பிறகு டாக்டர் ஒரு மெல்லிய நைலான் இழையை எடுத்தார். தூண்டில் நரம்பு மாதிரி இருந்தது.

"கண்ணை மூடிக்கோங்கம்மா. இதால உங்க பாதத்தைத் தொடுவேன். தொடுறது தெரிஞ்சா 'ஆமா'ன்னு சொல்லுங்க."

கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். வெளியே யாரோ டோக்கன் எண்ணைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. டாக்டர் ஏன் தாமதிக்கிறார் என்று புரியவில்லை.

"நான் ரெடிங்க டாக்டர். தொடலாமுங்க."

"கண்ணைத் திறங்கம்மா. ரெண்டு காலுலயும் தொட்டு முடிச்சாச்சு."

கண்ணைத் திறந்தபோது ஆரோக்கியராஜ் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தார். அந்த இழை என் பாதத்தில் குத்தி வளைந்ததை எல்லாம் அவர் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். சர்க்கரை கூடுதலாகவே இருந்தால் நரம்புகள் கொஞ்சம் கொஞ்சமாக மரத்துப்போகும், முதலில் பாதத்தில்தான் ஆரம்பிக்கும் என்று டாக்டர் விளக்கினார். "வலின்னா என்னமோ கெட்டதுன்னு நினைக்கறோம். வலி ஒரு காவல்காரன்மா. உங்களுக்கு அந்த ஆள் வேலையை விட்டுப் போயிட்டான்."

அடுத்து ஒரு சின்னக் கருவியைக் கணுக்காலில் வைத்தார்கள். 'உஷ், உஷ்' என்று சத்தம் வந்தது. அது காலுக்குள் ரத்தம் ஓடும் சத்தம். "ரத்த ஓட்டம் அருமையா இருக்குது. புண் ஆறும்" என்றார் டாக்டர். அந்த நாளில் கேட்ட ஒரே நல்ல சேதி அதுதான். எக்ஸ்ரே வந்ததும் அவர் குரல் இறங்கியது. சுண்டுவிரல் எலும்பு வரை சீழ் போய்விட்டது. விரலை எடுத்துவிட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். தள்ளிப்போட்டால் மேலே ஏறும். ஏறினால் முழங்காலுக்குக் கீழே எடுக்க நேரிடும்.

நான் முதலில் கேட்டது உயிரைப் பற்றி அல்ல. "பிரேக் மிதிக்க முடியுமுங்களா டாக்டர்?"

அவர் எக்ஸ்ரேயை உறைக்குள் போட்டார். "முதல்ல காலைக் காப்பாத்துவோம்மா. அதை அப்புறம் பேசலாம்."

ஆரோக்கியராஜ் கையெழுத்துப் போட்டார். இயந்திரத்தில் நூல் பிசகாமல் கடைகிற கை அது. அன்று தன் பெயரையே கோணலாக எழுதியது. அறுவை அறைக்குப் போகும்போது என் நெற்றியில் சிலுவை வரைந்து, "போயிட்டு வா ஸ்டெல்லா. நான் இங்கயேதான் இருப்பேன்" என்றார்.

விரல் போனது. பாதம் நின்றது. கட்டுப் பிரிக்கும்போது முதல் முறை நான் பார்க்கவில்லை. இரண்டாவது முறை, நாமே பார்க்காவிட்டால் இந்தக் காலை வேறு யார் பார்ப்பார்கள் என்று தோன்றியது. நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்தேன். நல்ல சிவப்பாக, ஈரமாக, பிளந்த மாதுளை மாதிரி இருந்தது. "இந்தச் சிவப்புதான் வேணும்" என்றார் கட்டுப்போட வந்த செல்வராணி சிஸ்டர். "கறுப்போ பச்சையோ இருந்தாத்தான் பயப்படோணும். இது உசுரோட இருக்கற சதை."

எனக்கு ஒரு செயலியை அறிமுகப்படுத்தியவரும் செல்வராணி சிஸ்டர்தான். சர்க்கரைக் கால் நோயாளிகளுக்கு என்று மருத்துவமனையில் பயன்படுத்தும் செயலி அது. என் போனில் ஏற்றித் தந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காட்டினார். காலையும் மாலையும் சர்க்கரை அளவைப் பதிய வேண்டும். சாப்பிடும் தட்டைப் படம் எடுக்க வேண்டும். மாத்திரை, இன்சுலின் நேரத்தை அது ஞாபகப்படுத்தும். எல்லாவற்றுக்கும் மேலாக, தினமும் இரண்டு உள்ளங்காலையும் படம் எடுத்து அனுப்ப வேண்டும். அந்தப் படங்களை இங்கே ஒருவர் பார்ப்பார்.

"தினமுமுங்களா? நல்லா இருக்கற காலையுமா?"

"நல்லா இருக்கற காலைத்தானுங்க அக்கா முக்கியமாப் பார்க்கோணும்" என்றார் சிஸ்டர்.

நான் ஊருக்கே 'இண்டிகேட்டர் போடு, கண்ணாடியப் பாரு' என்று உத்தரவு போடுகிறவள். எனக்கு ஒரு போன் உத்தரவு போடுவதா என்று முதலில் எரிச்சலாகத்தான் வந்தது. வீட்டுக்கு வந்த மறுநாள் அதுவும் நானும் சண்டை போட்டுக்கொண்டோம். காலைத் தரையில் ஊன்றவே கூடாது, புண்ணில் பாரம் பட்டால் ஆறாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். செயலியோ, 'நீங்கள் இன்று இன்னும் நடக்கவில்லை. எழுந்து சிறிது தூரம் நடக்கலாமே!' என்று ஒரு செய்தி அனுப்பியது. கூடவே ஓடுகிற மாதிரி ஒரு பொம்மை வேறு.

நான் சிஸ்டருக்குப் போன் போட்டேன். "ஏனுங்க சிஸ்டர், டாக்டர் காலை வெக்காதேங்கறாரு. இந்த ஆப்பு நடங்குது. நான் யாரு பேச்சக் கேக்கறதுங்க?"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு அதில் நடையை நிறுத்திவிட்டு, உட்கார்ந்தே செய்யும் பயிற்சிகளைப் போடும்படி மாற்றிக் கொடுத்தார். நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டில்களைத் தூக்கி இறக்குவேன். அதற்கு அந்தப் பொம்மை கை தட்டும். கை தட்டினால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

சாப்பாட்டில் வந்தது அடுத்த தகராறு. பீட்சா, பாஸ்தா எல்லாம் அதன் பட்டியலில் இருந்தன. தோசை, இட்லி இருந்தன. எங்கள் வீட்டில் வாரத்தில் பாதி நாள் ஆக்கும் அரிசிம்பருப்பு சாதம் இல்லை. கொள்ளுப் பருப்பு இல்லை. இடியாப்பம் மாதிரிப் பிழியும் சந்தகை இல்லை. அரிசிம்பருப்பை நான் 'கிச்சடி' என்று பதிந்தால் எனக்கே பொய்க்கணக்கு எழுதுகிற மாதிரி இருந்தது. கருத்துச் சொல்ல ஓர் இடம் இருந்தது. அதில் பேசினால் எழுத்தாகிவிடும். "அய்யா, கோயமுத்தூர்ல இருக்கறவீங்க அரிசிம்பருப்பு சாப்பிடுவாங்க. அரிசி, தொவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம் போட்டு ஒண்ணா வேக வெக்கறது. இதைச் சேத்துப்போடுங்க" என்று பேசி அனுப்பினேன். கொஞ்ச நாள் கழித்துச் செயலி புதுப்பிக்கப்பட்டபோது தேடிப் பார்த்தேன். 'அரிசிம்பருப்பு' என்று எங்கள் பெயராலேயே இருந்தது. ஆரோக்கியராஜைக் கூப்பிட்டுக் காட்டினேன். வேறு யாரோ கேட்டும் சேர்த்திருக்கலாம். ஆனால் நான் கேட்டதால்தான் சேர்த்தார்கள் என்றே இன்னும் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

தட்டைப் படம் எடுக்க ஆரம்பித்ததும் ஒன்று புரிந்தது. படத்தில் சோறு குன்றாகவும் காய் ஓரத்தில் பொட்டாகவும் தெரிந்தது. கண்ணால் பார்க்கும்போது அப்படித் தெரியவில்லை. முதலில் காய், பருப்பு, பிறகு சோறு என்று வரிசையை மாற்றச் சொன்னார்கள். மாற்றினேன். பருப்பும் காயும் வயிற்றை நிரப்பிய பிறகு சோற்றுக்கு இடம் தானாகக் குறைந்தது. சென்னையில் வேலை செய்யும் என் மகள் ஜெனியும் தன் போனில் என் பதிவுகளைப் பார்க்கலாம். "அம்மா, மத்தியானம் ரெண்டாந்தடவ சோறு வாங்குனதப் படம் எடுக்காம உட்டுட்டீங்களா? சாயங்காலம் அளவு காட்டிக் குடுக்குது" என்று கூப்பிடுவாள். அவளை வளர்த்தபோது நான் வேவு பார்த்ததற்கெல்லாம் சேர்த்து அவள் என்னை வேவு பார்த்தாள்.

ஆரோக்கியராஜ் எதுவும் சொல்லாமல் தன் டீயில் சர்க்கரையை நிறுத்திவிட்டார். அவருக்கு அந்த நோய் கிடையாது. "உங்களுக்கென்னங்க, நீங்க போட்டுக் குடிங்க" என்றேன். "டப்பா இருந்தாத்தான் கை போகும்" என்று சர்க்கரை டப்பாவையே எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்.

என் பாதத்தைப் படம் எடுப்பதும் அவர் வேலைதான். ஆரம்பத்தில் அவர் எடுத்த படங்களில் தரை இருக்கும், கட்டில் கால் இருக்கும், அவருடைய கட்டைவிரல் இருக்கும். என் கால் மட்டும் இருக்காது. பிறகு பட்டறையில் இருந்து ஒரு விளக்கைக் கொண்டுவந்து ஸ்டாண்டில் மாட்டி, என் காலுக்கு ஒரு மரப்பலகையும் செய்து வைத்தார். சாயங்காலம் பட்டறையில் இருந்து வந்து கை கழுவிவிட்டு அதற்குத்தான் உட்காருவார். என் உள்ளங்காலை அவர் அப்படி உற்றுப் பார்த்தது எங்கள் கல்யாண வாழ்க்கையில் அதுவே முதல் தடவை.

வலது பாதம் நன்றாக ஆறிக்கொண்டு வந்தது. அந்தக் காலுக்குப் பாரம் படாத ஒரு தடித்த பூட்ஸ் கொடுத்திருந்தார்கள். வீட்டுக்குள் கொஞ்சம் நடக்க அனுமதியும் கிடைத்தது. அந்தச் சமயத்தில் ஒரு நாள் காலை, இட்லித் தட்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது மருத்துவமனையில் இருந்து போன் வந்தது. பேசியது செல்வராணி சிஸ்டர்.

"அக்கா, நேத்து அனுப்புன படத்துல இடது கால் குதிகால் ஓரத்தைக் கொஞ்சம் பாருங்க."

"இடதுங்களா? அந்தக் கால்ல ஒண்ணுமில்லைங்களே."

"இருக்குதுங்கக்கா. தொடாதீங்க. அப்படியே கிளம்பி வாங்க."

ஆரோக்கியராஜ் என் காலைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். குதிகால் ஓரத்தில் ஒரு கொப்புளம், உள்ளே லேசாகச் சிவப்பு. வலது காலில் பூட்ஸ் உயரமாக இருந்ததால் உடம்பின் பாரமெல்லாம் இடது குதிகாலில் சாய்ந்து அழுத்தியிருக்கிறது. எனக்குத் துளியும் தெரியவில்லை. முந்தின நாள் படம் எடுத்த அவர் கண்ணுக்கும், போனில் பார்த்த என் கண்ணுக்கும் படவில்லை. பார்க்கப் பழகிய கண்ணுக்குப் பட்டுவிட்டது.

இந்த முறை அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது நான் காலண்டரைப் பார்க்கவில்லை. எனக்குப் பயம் இருந்தது. மரத்த கால் இரண்டு இருக்கும்போது பயம் இல்லாமல் இருக்குமா? ஆனால் முதல் முறை வந்த பயத்தில் நான் தூக்கி வரப்பட்டேன். இந்த முறை என் காலில் என்ன, எங்கே, எப்போதிலிருந்து என்று எல்லாவற்றுக்கும் பதில் தெரிந்தவளாக வந்திருந்தேன். டாக்டர் படங்களை வரிசையாகத் தள்ளிப் பார்த்தார். முந்தாநாள் படத்தில் வெறும் தோல். நேற்றுப் படத்தில் கொப்புளம்.

"ஒரே நாள்தான் ஆகுது. சீழ் இல்லை" என்றார். சுத்தம் செய்து, கட்டுப் போட்டு, இடது காலுக்கும் உயரம் சரியாக இருக்கும்படி ஒரு செருப்புச் செய்யச் சொன்னார். கத்தி எடுக்கவில்லை, படுக்கையில் சேர்க்கவும் இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்தோம். அன்று ஆரோக்கியராஜ் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளிவைத்து அழுதார். விரலை எடுத்த நாளில்கூட அவர் அழுது நான் பார்க்கவில்லை.

புண் முழுவதும் ஆறியதும், நான் அடக்கி வைத்திருந்த பிரேக் கேள்வியைத் திரும்பக் கேட்டேன். டாக்டர் நேராகவே பதில் சொன்னார். போன உணர்ச்சி பெரும்பாலும் திரும்பி வராது. எவ்வளவு மிதிக்கிறோம் என்று தெரியாத காலை நம்பி இன்னொருவரை ரோட்டில் ஓட்டவிட முடியாது. எனக்கும் அது தெரியும். நானே என் மாணவியாக இருந்தால் அந்தக் காலை அனுமதிக்கமாட்டேன். இருந்தும் அதை இன்னொருவர் வாயால் கேட்டதும் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டேன்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் ஆரோக்கியராஜ் வாயைத் திறந்தார். "கால்தானே தெரியாது. கை தெரியுமில்ல?"

கால் இயங்காதவர்களுக்காகக் கையாலேயே பிரேக் போடும்படி கார்களை மாற்றித் தரும் பட்டறைகள் எங்கள் ஊரில் உண்டு. அப்படி ஒரு பட்டறைக்காரரோடு சேர்ந்து, ஆரோக்கியராஜ் என் பக்கத்து பிரேக்குக்கு ஒரு கைப்பிடி செய்தார். பிடித்து முன்னால் தள்ளினால் வண்டி நிற்கும். கிளட்ச்சுக்கும் வேலை வைக்காமல், கியர் மாற்றத் தேவையில்லாத பழைய வண்டி ஒன்றை என் வண்டிக்கு மாற்றாக வாங்கி, அந்தக் கைப்பிடியை அதில் பொருத்தினோம். வண்டியைக் காட்டிப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒப்புதல் வாங்க வேண்டியிருந்தது. அதற்கு டாக்டரின் சான்று வேண்டும். டாக்டர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். மூன்று மாதச் சர்க்கரை இறங்க வேண்டும். அதே சமயம், ஓட்டும்போது தலை சுற்றுகிற அளவுக்குத் தாழவும் கூடாது. "கூடவும் கூடாது, குறையவும் கூடாது. உங்களுக்குத் தெரியாததா? ரோட்ல நேராப் போற மாதிரிதான்."

அந்த மாதங்களில் நான் எவ்வளவு ஒழுங்காக இருந்தேன் என்று சொன்னால் பெருமை பேசுகிறாள் என்பீர்கள். பேசுகிறேன், பேசிக்கொள்கிறேன். புதுச் செருப்பு வந்ததும் காலையில் நடந்தேன். அக்கம்பக்கத்தில் நோம்பிப் பண்டிகைக்குத் தந்த பலகாரத்தைப் படம் மட்டும் எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். கல்யாண வீட்டுப் பந்தியில் இலையில் காயை முதலில் முடித்துவிட்டுச் சோற்றுக்குக் காத்திருந்தேன். பரிமாறுகிறவர் எனக்குப் பசி அதிகம் என்று நினைத்துத் திரும்பத் திரும்பப் பொரியல் வைத்தார். ஆரம்பத்தில் போன் மணி அடித்தால்தான் மாத்திரை ஞாபகம் வரும். பிறகு மணி அடிப்பதற்கு முன்பே கை டப்பாவுக்குப் போய்விடும். வண்டி பழகுகிறவர்களும் முதலில் 'கண்ணாடி, கண்ணாடி' என்று நான் சொல்லச் சொல்லத்தான் பார்ப்பார்கள். ஒரு நாள் நான் சொல்லாமலேயே பார்ப்பார்கள். அன்றுதான் அவர்களுக்கு வண்டி வந்துவிட்டது என்று அர்த்தம்.

பரிசோதனை முடிவு வந்த அன்று டாக்டர் செயலியின் வரைபடத்தையும் திறந்தார். மலை மாதிரி ஏறியிருந்த கோடு வர வரத் தாழ்ந்து, கடைசியில் வயல் வரப்பு மாதிரி சமமாக ஓடியது. அவர் அறையில் இருந்த பயிற்சி டாக்டர்களைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். "நான் மருந்து எழுதினேன், அவ்வளவுதான். இந்தக் கோட்டை இழுத்தது இவங்க" என்றார். சான்றில் கையெழுத்து விழுந்தது. வண்டிக்கும் ஒப்புதல் வந்தது. திரும்பவும் பலகையைத் துடைத்து மாட்டினேன். காலுக்குப் பதில் கை. மற்றபடி பழைய ஸ்டெல்லாதான். சத்தி ரோட்டில் குறுக்கே பாய்ந்த ஸ்கூட்டருக்கு என் கைப்பிடி முதல் நாளே பதில் சொல்லிவிட்டது.

இப்போதெல்லாம் செல்வராணி சிஸ்டர் கூப்பிட்டால், வகுப்பு இல்லாத நேரத்தில் அந்தக் கூடத்துக்குப் போய் உட்காருவேன். புதிதாக வருகிறவர்களுக்குச் செயலியைப் போனில் ஏற்றித் தந்து, படம் எடுக்கக் காட்டித் தருவேன். டாக்டர் பேச்சுக்குத் தலையாட்டிவிட்டுப் போகிறவர்கள், விரல் போன என் காலைப் பார்த்தால் நின்று கேட்பார்கள்.

போன வாரம் கொடுமுடிப் பக்கம் இருந்து ஒரு விவசாயி மனைவியோடு வந்திருந்தார். மஞ்சளும் கரும்பும் போடுகிற தோட்டக்காரர். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. கட்டைவிரலில் கட்டு. காலை நாற்காலிக்கு அடியில் இழுத்து வைத்திருந்தார்.

"காலைக் கொஞ்சம் இந்த ஸ்டூல் மேல வைங்க. படம் எப்படி எடுக்கறதுன்னு காட்டறேன்" என்றேன்.

"வேண்டாமுங்க அம்மணி. பொம்பளைங்க முன்னால காலைத் தூக்கி வெக்கறதுங்களா? பாவமுங்க."

என் அப்பாவும் அம்மாவும் இவரைப் போன்றவர்களின் மஞ்சள் காட்டில் கூலிக்குப் போனவர்கள். சம்பளம் வாங்கும்போது தள்ளி நின்றே கை நீட்டியவர்கள். அது எனக்கு ஞாபகம் வந்தது. அவரிடம் அதைச் சொல்லவில்லை. என் செருப்பைக் கழற்றி, என் காலை முதலில் ஸ்டூல் மேல் வைத்தேன்.

"பாருங்க. இதுல ஒண்ணு போயிருச்சு. மிச்சத்த இந்தப் போனை வெச்சுத்தான் காப்பாத்துனேன்."

அவர் வெகுநேரம் என் காலைப் பார்த்தார். "வலிச்சுதுங்களா?"

"வலிச்சிருந்தா அன்னிக்கே வந்திருப்பனுங்க. உங்களுக்கு வலிக்குதுங்களா?"

அவர் மனைவி சொன்னார். "இல்லீங்க. முள்ளு ஏறுனதே தெரியலைங்க. நான்தான் பார்த்தனுங்க."

நான் காலை எடுத்துக்கொண்டு ஸ்டூலை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் துண்டால் பாதத்தைத் துடைத்துவிட்டு மெதுவாக வைத்தார். குதிகாலுக்குக் கீழே என் கையைக் கொடுத்து வெளிச்சம் படும்படி திருப்பிப் பிடித்தேன். அவர் உடம்பு கூசியது; காலை இழுக்கவில்லை. அவர் மனைவி போனைப் பிடித்தார். முதல் படத்தில் தரை விழுந்தது. இரண்டாவதில் பாதம் விழுந்தது.

"இதைத் தினமும் எடுக்கோணுங்களா?" என்று கேட்டார் அவர்.

"தினமும் பல்லு விளக்கறீங்கல்ல?"

"விளக்கறனுங்க."

"அப்ப இதுவும்."

நான் சொல்லாமலே அவர் கட்டுப் போடாத இன்னொரு காலையும் தூக்கி ஸ்டூல் மேல் வைத்தார்.

"அம்மணி, இதையும் எடு" என்றார் மனைவியிடம்.